மடனும் எள்ளலும்: தமிழ் அவல நகைச்சுவைத் திரைப்படங்களில் நகையின் நிலைக்களன்

ஆய்வுச் சுருக்கம்

2011ஆம் ஆண்டுக்குப் பின் தமிழில் வெளிவந்த அவல நகைச்சுவைத் திரைப்படங்கள் பெரும்பாலும் மேலைத் திரைமரபின் வழிவந்தனவாகவே பேசப்படுகின்றன. அவற்றில் சிரிப்பு எதனை இடமாகக் கொண்டு பிறக்கிறது என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகையின் நிலைக்களன்களைத் துணையாகக் கொண்டு, மடன்வழிப் பிறக்கும் நகைக்கும் எள்ளல்வழிப் பிறக்கும் நகைக்கும் உள்ள வேறுபாட்டை 'ஆரண்ய காண்டம்', 'சூது கவ்வும்', 'கோலமாவு கோகிலா', 'மண்டேலா' ஆகிய படங்களின்வழி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அவல நகைச்சுவை, மெய்ப்பாடு, மடன், எள்ளல், கட்டியங்காரன், தமிழ்த் திரைப்படம்.

முன்னுரை

அவல நகைச்சுவைப் படமொன்றைக் கண்டு களித்த திரை ஆர்வலர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரண்டு கூற்றுகள் தவறாமல் வரும். தமிழில் இப்படி ஒரு படம் வந்ததே இல்லை என்பது முதற்கூற்று. இது டாரன்டினோ படம்போல் இருக்கிறது, கோயன் சகோதரர்களின் படம்போல் இருக்கிறது என்பது அடுத்த கூற்று. முன்னது படத்துக்கு முன்னோர் இல்லை என்கிறது. பின்னது முன்னோரைக் கடலுக்கு அப்பால் தேடிக் கண்டடைகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள முரணை ஆர்வம் மறைத்துவிடுகிறது. ஆர்வத்தை இக்கட்டுரை குறைத்து மதிப்பிடவில்லை. 'ஆரண்ய காண்டம்' திரையரங்கில் நெடுநாள் ஓடாதபோது அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் இந்த ஆர்வலர்களே. அவர்கள் சிரித்தது சரிதான். எதைக் கண்டு சிரித்தோம் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணமே ஆய்வுக்குரியது.

இக்கட்டுரையாளரின் ஊர் குயிலாப்பாளையம். விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி அமைந்தது. ஆரோவில்லின் சினிமா பாரடைசோ அரங்கில் உலகப் படங்கள் திரையிடப்படுகின்றன. தெற்கே சிறிது தொலைவில் புதுச்சேரியின் திரையரங்குகள் இருக்கின்றன. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். இவ்வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில் பாரதக் கூத்தும் நடக்கிறது. ஃபிரெஞ்சுப் படமும் கூத்தும் ஒரே வாரத்தில் பார்க்கக் கிடைக்கும் நிலத்திலிருந்து பேசும்போது, அவல நகைச்சுவை இறக்குமதிச் சரக்கு என்னும் முடிவை அப்படியே ஏற்க இயலவில்லை.

பெயரும் மரபும்

ஃபிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1940இல் ஒரு தொகைநூலைப் பதிப்பித்து 'கறுப்பு நகைச்சுவை' என்னும் தொடரை நிலைபெறச் செய்தார். சாவு, நோய், வன்முறை போன்று பொதுவில் சிரிக்கக் கூடாதவற்றைச் சிரிப்புக்குரியனவாக்கும் எழுத்தை அது குறித்தது. தமிழில் இதைக் கறுப்பு நகைச்சுவை என்றும், இருண்மை நகைச்சுவை என்றும், அவல நகைச்சுவை என்றும் பலவாறு வழங்குகின்றனர். கறுப்பைத் தீமைக்கு ஆகுபெயராக்கும் முதல் வழக்கு இக்கட்டுரையாளருக்கு உவப்பானதன்று. 'அவலம்' என்னும் சொல்லோ தமிழ் மெய்ப்பாட்டு உரைகளில் அழுகையோடு சேர்த்துப் பேசப்படுவது. அழுகைக்குரிய பொருளில் நகை பிறப்பது என்று இவ்வகையின் இலக்கணத்தைப் பெயரே சொல்லிவிடுவதால் 'அவல நகைச்சுவை' என்னும் வழக்கே இங்குக் கொள்ளப்படுகிறது.

பெயர் புதிதாயினும் பொருள் புதிதன்று. புதுமைப்பித்தனின் 'மகாமசானம்' சென்னைச் சாலையோரத்தில் ஒரு பிச்சைக்காரர் சாவதையும், அருகில் ஒரு குழந்தை விளையாடுவதையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்த கதை. அதற்கும் முற்பட்ட சான்று கூத்தில் உண்டு. கட்டியங்காரன் மன்னனின் வரவை அறிவிப்பவன். காவலனாகவும் ஏவலனாகவும் தேவைப்பட்டபோது வேறு யாராகவும் மாறுபவன். துகிலுரிதல், அபிமன்யு வதை, கர்ண மோட்சம் ஆகிய துயரக் கூத்துகளிலும் அவன் இடம்பெறுகிறான். பார்வையாளர் கண் கலங்கியிருக்கும் நேரத்திலேயே அரசனிடம் குறுக்குக் கேள்வி கேட்டுச் சிரிக்க வைக்கிறான். சிரிப்பு துயரத்தைக் கலைப்பதில்லை. அரசனின் தோரணையை மட்டுமே கலைக்கிறது. அவனுடைய கேலி மேல்நோக்கிச் செல்வது என்பதைப் பின்னர் வரும் விவாதத்துக்காக இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

நகையின் நான்கு இடங்கள்

மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. எள்ளலும் பேதைமையும், இளமையும் மடனும் என நான்கு அதற்கு நிலைக்களன்கள். அழுகைக்குரியவை இழவு, வறுமை, இளிவு, அசைவு. அவல நகைச்சுவையில் இவ்விரு பட்டியல்களும் ஒரே காட்சியில் மோதுகின்றன: இழவும் வறுமையும் பொருளாக இருக்க, நகையின் நான்கில் ஒன்று அதன்மீது வந்து அமர்கிறது. எது வந்து அமர்கிறது என்பதைப் பொறுத்துப் படத்தின் தன்மையே மாறிவிடுகிறது.

எள்ளலைப் பேராசிரியர் இருபாலாக்குவார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது மற்றொன்று. மடன் என்பதற்கு, பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்பது உரைமரபு. அறிவே இல்லாமை பேதைமை. மடனுக்கு ஓர் அறிவு உண்டு. அந்த அறிவைக் கைவிட வேண்டிய இடத்திலும் கைவிடாமையே அதன் இயல்பு. திரை விமர்சனத்தில் 'முட்டாள்தனம்' என்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரண்டை இப்பகுப்பு பிரித்துத் தருகிறது. தமிழ் அவல நகைச்சுவையின் நல்ல படங்கள் ஏறத்தாழ எல்லாமே மடனின் படங்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஐந்து விதிகள்

நலன் குமாரசாமியின் 'சூது கவ்வும்' (2013) இதற்குத் தெளிவான சான்று. ஆட்கடத்தலைத் தொழிலாகக் கொண்ட தாஸ் தனக்கென ஐந்து விதிகளை வகுத்துக்கொண்டவன். அதிகாரம் உள்ளவர்களைத் தொடக் கூடாது, மிரட்டக் கூடாது, கொடுக்கக்கூடிய சிறு தொகையையே கேட்க வேண்டும் என்பனபோல அவ்விதிகள் செல்கின்றன. அரங்கில் எழுந்த சிரிப்பை ஆர்வலர்கள் அறமற்ற சிரிப்பு என்று கொண்டாடினர். காட்சியைக் கூர்ந்து நோக்கினால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. படத்திலேயே மிக ஒழுங்கான அறநூல் தாஸினுடையதுதான். அவனிடம் வந்து சேரும் மூன்று இளைஞர்களுள் ஒருவன் பொய்ப்பழியால் கணினி நிறுவன வேலையை இழந்தவன். ஒருவன் விடுதிக்கு வந்தவரின் காரை ஓட்டிப் பார்த்து வேலையை இழந்தவன். இன்னொருவன் நடிகைக்குக் கோயில் கட்டி ஊரிலிருந்து விரட்டப்பட்டவன். வேலைவாய்ப்பு அலுவலகம் செய்யாததைத் தாஸ் செய்கிறான். விதிமுறை சொல்லி, பயிற்சி கொடுத்து, ஆளெடுக்கிறான்.

சிரிப்பு பிறப்பது இந்த ஒழுங்கிலிருந்து. கொளுத்தியதை விடாத மடன், அரசும் சந்தையும் தங்கள் விதிகளைக் கைவிட்டுவிட்ட ஓர் ஊரில், ஒரு திருடனிடம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அமைச்சர் மகனைக் கடத்த ஒப்புக்கொள்ளும்போது முதன்மையான விதியை அவன் மீறுகிறான். அதுவரை இயல்பாக நடந்த எல்லாம் அதன்பின் குலைகின்றன. அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் காதலி ஷாலுவும் துரத்தல் ஒன்றில் 'இறந்து' போகிறாள். இல்லாத ஒருத்தியின் சாவுக்கு ஒருவன் அழ, அரங்கம் சிரிக்கிறது. இழவு என்னும் நிலைக்களன் அழுகைக்கும் நகைக்கும் ஒரே நேரத்தில் இடம் தந்த காட்சி இது. இதற்கு இணையான ஒன்று தமிழ்த் திரையில் இக்கட்டுரையாளருக்கு நினைவில்லை.

அருமைப் பிரகாசத்தின் தந்தை ஞானோதயம் நேர்மையான அமைச்சர். அவருடைய நேர்மையும் விடாப்பிடியானது, அதுவும் மடனே. ஆனால் படம் அவரை எள்ளவில்லை. அவர் தோற்கிறார், மகன் அமைச்சராகிறான், அவ்வளவுதான். தலைப்பு பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்திலிருந்து வந்தது. சூது அறத்தின் வாழ்வைக் கவ்வினாலும் அறமே மீண்டும் வெல்லும் என்பது பாரதி சொன்ன முழுச்செய்தி. படம் முதற்பாதியோடு நிறுத்திக்கொள்கிறது. மறுபாதி நமக்குத் தெரியும் என்பதும், அது திரையில் வரப்போவதில்லை என்பதும் சேர்ந்தே தலைப்பின் நகை. மேலைப் படங்களின் தாக்கத்தை மட்டும் எண்ணும் திறனாய்வு கண்டுகொள்ளாத இடம் இது. துகிலுரிதல் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்க்கு இது விளக்கமின்றிப் புரியும்.

நடித்துக் காட்டப்படும் மடன்

தொல்காப்பியத்தில் மடனுக்கு இன்னோர் இடமும் உண்டு. பெண்ணுக்குரியனவாகக் களவியல் சொல்லும் மூன்று பண்புகளில் அச்சத்தோடும் நாணத்தோடும் மடனும் வருகிறது. நகைக்குக் களனாகும் ஒன்றே பெண்ணுக்கு அணியாகவும் விதிக்கப்பட்டது என்னும் இரட்டைநிலையை இலக்கண ஆய்வுகள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவல நகைச்சுவைப் படங்கள் எடுத்துக்கொண்டுள்ளன.

தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' தணிக்கையில் 52 வெட்டுகளை எதிர்கொண்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை சென்று 2011 ஜூனில் வெளியானது. (அத்தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று இப்படி ஒரு படத்தை எடுப்பவர் உயர்நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும்.) அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான இந்திரா காந்தி விருதையும், படத்தொகுப்புக்கான தேசிய விருதையும் அது பெற்றது. சென்னையில் ஒரு நாளில் நடந்து முடியும் கதை. முதுமையை ஒப்புக்கொள்ளாத கூட்டத்தலைவன் சிங்கப்பெருமாள், அவனிடம் சிறைப்பட்ட சுப்பு, எல்லாரும் ஏவும் எடுபிடி சப்பை ஆகியோர் ஒரு வீட்டில் இருக்கின்றனர். சுப்பு அஞ்சுபவளாகவும் ஏதும் அறியாதவளாகவும் தன்னைக் காட்டிக்கொள்கிறாள். சப்பை அதை நம்புகிறான், பார்வையாளரும் நம்புகின்றனர். சிங்கப்பெருமாளைச் சப்பை கொன்றபின் சப்பையை அவள் கொல்கிறாள். தன்னை அடக்கியவனை அவள் கொன்றிருந்தால் அது பழிவாங்கும் கதை. தன்னைக் காதலித்தவனையும் கொல்வதால்தான் அரங்கம் திகைத்துச் சிரிக்கிறது. அவனும் ஓர் ஆண்தான் என்பது அவள் கணக்கு. மடன் பெண்ணுக்கு விதிக்கப்பட்டது. அவள் அதைக் கருவியாக்குகிறாள். அதை இயல்பென்று கொண்டு விடாது பற்றியிருந்த ஆண்களே மெய்யான மடவர் ஆகின்றனர்.

இதே படத்தில் காளையனும் அவர் மகன் கொடுக்காப்புளியும் வருகின்றனர். சொத்தையெல்லாம் இழந்த தந்தை சேவற்சண்டையை நம்பிப் பட்டணம் வந்திருக்கிறார். கோகெய்ன் பை கைக்கு வந்தபின் தந்தை மாட்டிக்கொள்ள, அவரை மீட்கும் பேரத்தை நடத்துவது சிறுவன். அப்பாவைப் பிடிக்குமா என்னும் வினாவுக்கு அவன் ஆமென்று சொல்வதில்லை. ஆனாலும் அவர் தன் அப்பா என்கிறான். நகையின் நிலைக்களன்களுள் இளமை இங்கே வறுமையோடு சேர்கிறது. குழந்தை முதியவராகவும் முதியவர் குழந்தையாகவும் நடக்கும் இக்காட்சிகளில் சோமசுந்தரத்தின் நடிப்பு எவ்வளவு போற்றினாலும் தகும். பின்வந்த பல படங்கள் இப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டதோ பழைய பாடலை ஒலிக்கவிட்டபடி கழுத்தை அறுக்கும் உத்தியை மட்டுமே. அது எளிது. கொடுக்காப்புளியை எழுதுவது கடினம்.

நெல்சனின் 'கோலமாவு கோகிலா' (2018) சுப்புவின் உத்தியை நடுத்தர வீட்டுக்குள் கொண்டுவருகிறது. தாயின் புற்றுநோய்ச் செலவுக்காகப் போதைப்பொருள் கடத்தும் கோகிலா தலை நிமிர்ந்து பேசுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. கோலமாவு என்னும் பெயரிலேயே வீட்டு வாசலும் வெள்ளைப் பொடியும் ஒன்றாகின்றன. அடக்கமான பெண் இதைச் செய்யமாட்டாள் என்று காவலரும் கடத்தல்காரரும் ஒன்றுபோல நம்புகின்றனர். குடும்பமே கொலைக்கு உடந்தையாகும்போதும் வீட்டின் முறைமைகள் குலைவதில்லை. மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது இக்கடற்கரையில் விளக்க வேண்டாத செய்தி. எனினும் இப்படம் ஓரிடத்தில் சறுக்குகிறது. யோகி பாபுவின் பாத்திரத்தை வைத்து எழும் சிரிப்பில் ஒரு பகுதி அவருடைய தோற்றத்தின்மீதே செல்கிறது. அங்கே நிலைக்களன் மடன் அன்று, எள்ளல்.

எள்ளல் எங்கே விழுகிறது

'சூப்பர் டீலக்ஸ்' (2019) பெரும்பாலும் இவ்விடத்தில் கவனமாக இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பிணத்தை எப்படி அப்புறப்படுத்துவது என்று தம்பதியர் தங்கள் மணவாழ்வைப் பற்றிச் சண்டையிட்டபடியே திட்டமிடும் பகுதி முழுவதும் மடனின் நகை. ஷில்பாவைக் கேலி செய்பவர்களைப் பார்த்துச் சிரிக்கவிடாமல் கதை நம்மைத் தடுக்கிறது. ஆயினும் குழந்தைகளைப் பிச்சையெடுக்கக் கடத்திய கூட்டத்தோடு ஷில்பாவைச் சேர்த்த இடத்தைத் திருநங்கையர் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானது. ஒரு சமூகத்தின்மீது ஏற்கெனவே உள்ள பழியைக் கதைத்திருப்பத்துக்காகக் கடன் வாங்கியது படம்.

எள்ளல் குறித்த வினா இக்கட்டுரையாளருக்கு வெறும் கோட்பாட்டு வினா அன்று. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தனர். அங்கும் அதே தொகை. அத்தொகையை வைத்துக் கேலிகள் கிளம்பின. உழைத்துச் செத்தால் ஒன்றுமில்லை, குடித்துச் செத்தால் லட்சம் என்னும் பாங்கில் அவை புழங்கின. பொருள் சாவு, தொனி சிரிப்பு. அவல நகைச்சுவையின் புறவடிவம் அவற்றுக்கு முழுமையாக உண்டு. சாராயத்தில் மெத்தனால் எப்படி வந்தது, யார் விற்றார், யார் விட்டார் என்னும் வினாக்கள் அக்கேலியில் இல்லை. இறந்தவரே நகைப்பொருள். கட்டியங்காரன் மேலே பார்த்துச் சொல்வதை இது கீழே பார்த்துச் சொல்கிறது.

தமிழ் வணிகத் திரையின் மதுக்கடை நகைச்சுவை பல்லாண்டுகளாக இக்கேலிக்குப் பயிற்சி தந்திருக்கிறது. தள்ளாடும் குடிகாரன் என்னும் பாத்திரம் பேதைமைக்கு உரியதாகத் தோன்றும். உண்மையில் அது எள்ளலுக்காக வார்க்கப்பட்டது. அவனுக்கு வீடு காட்டப்படுவதில்லை; உடல்நோவு காட்டப்படுவதில்லை. அவல நகைச்சுவைப் படமோ அவனுடைய கணக்கைக் காட்ட வேண்டிய கடமை உடையது. எதற்காக அந்த மலிவுச் சாராயம், நாட்கூலியில் அது எவ்வளவு, அதைக் கைவிட முடியாத மடன் எங்கிருந்து கொளுத்தப்பட்டது என்றெல்லாம் அது கேட்க வேண்டும். எக்கியார்குப்பத்தைப் பற்றி அப்படி ஒரு படம் வந்தால் அதில் சிரிக்க இடம் இருக்குமா என்று ஆர்வலர் நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கும், ஆனால் இழப்பீட்டுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்து அன்று. அந்த வரிசையில் கேட்கப்படும் சான்றிதழ்களைப் பார்த்து.

இளிச்சவாயனின் நகை

மடோன் அஸ்வினின் 'மண்டேலா' (2021) அந்தச் சான்றிதழ்களிலிருந்துதான் தொடங்குகிறது. மரத்தடியில் வாழும் முடிதிருத்துநர் ஒருவருக்கு அஞ்சலகத்தில் பணம் போட்டுவைக்க ஆவணம் தேவைப்படுகிறது. ஆவணத்துக்குப் பெயர் தேவைப்படுகிறது. ஊர் அவரை இளிச்சவாயன் என்றே அழைத்து வந்திருக்கிறது. அஞ்சலக ஊழியர் தேன்மொழி நெல்சன் மண்டேலா என்னும் பெயரைத் தருகிறார். பெயர் வந்ததும் வாக்குரிமை வருகிறது. சாதியால் இரண்டாகப் பிளந்த ஊரின் ஊராட்சித் தேர்தலில் இரு தரப்பும் சரிசமமாக நிற்க, அந்த ஒற்றை வாக்கே முடிவைத் தீர்மானிக்கும் நிலையும் வருகிறது. நேற்றுவரை இழிவாக நடத்தியவர்கள் இன்று அவரை ஏலம் எடுக்கின்றனர்.

இப்படம் தொலைக்காட்சியில் நேரடியாக வெளியானது. அவ்வாண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நடந்ததற்கு இரண்டு நாள் முன்பு. ஒருவருடைய வாக்குக்கு என்ன விலை என்பதைத் திரையிலும் தெருவிலும் சேர்த்தே காண நேர்ந்த வாரம் அது. அறிமுக இயக்குநர் விருதோடு உரையாடலுக்கான தேசிய விருதையும் படம் பெற்றது. பொருத்தமான விருது. சாதிப் பகையைப் படத்தில் எவரும் வெறுப்போடு விளக்குவதில்லை. நாள்தோறும் செய்யும் வேலைபோலச் செய்கின்றனர். கட்டிய கழிப்பறையை முதலில் பயன்படுத்துவது யார் என்பதில்கூட ஊர் மல்லுக்கு நிற்கிறது. கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமைக்கு இதைவிட நேரான திரைச்சான்று இல்லை. மடவர் இங்கே தனிமனிதர் அல்லர், ஊர்.

இளிச்சவாயன் என்பதே எள்ளலால் ஆன பெயர். எப்போதும் பல் தெரிய நிற்பவன், ஏமாறுபவன் என்னும் இரண்டு பொருளும் அதில் உண்டு. 'கோலமாவு கோகிலா'வில் தோற்றத்துக்காக எள்ளப்பட்ட அதே யோகி பாபு இங்கே அப்பெயரைத் தாங்குகிறார். முற்பகுதியில் ஊர் எள்ள, அவர் சிரிக்கிறார். பேராசிரியர் பிரித்துக்காட்டிய எள்ளலின் இரண்டாம் பாலுக்கு, பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதலுக்கு, இது உருக்கொடுத்துள்ளது. அச்சிரிப்பு உவகையன்று, அடிபடாமல் இருக்கக் கற்றுக்கொண்ட வழி. பின்னர் அவர் வாக்கின் விலையை அறிகிறார். தனக்கென்று பொருளாகக் கேட்டது போய், ஊருக்குச் செய்ய வேண்டியவற்றைக் கேட்கிறார். போட்டியில் வெல்வதற்காக இரு தரப்பும் அவற்றைச் செய்து முடிக்கின்றன. பல்லாண்டு வராத சாலை ஒரு மனிதனை விலைக்கு வாங்கும் பேரத்தில் வந்துவிடுகிறது. ஊரார் அதில் நடந்து போகிறார்கள்.